மூலை மேஜையை வலம் வருவோம்

தலைமை நாற்காலியை இரண்டு பக்கமும் இடைவெளி இல்லாமல் நிறைத்திருக்கும் வாசகர் வட்டத் தலைவர் முருகையன் அவர்களே! 'உஷ்' என்ற ஒற்றைச் சொல்லால் இந்தக் கிளை நூலகத்தைக் கட்டி ஆளும் நூலகர் அறிவுமதி அம்மையார் அவர்களே! மின்விசிறிக்கு நேர்கீழே முந்தி வந்து இடம்பிடித்த பெரியோர்களே! இடம் கிடைக்காமல் முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! எங்கள்மீது புகார் கொடுத்துவிட்டு, முதல் வரிசையில் மூக்குக்கண்ணாடியை மூன்றாம் முறையாகத் துடைத்துக்கொண்டிருக்கும் அருமை அண்ணன், பேருந்து நிலைய டைம்கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற கண்ணாயிரம் அவர்களே! அனைவருக்கும் அடி அண்ணாமலை இட்லிக்கடை உண்ணாமலையின் ஆவி பறக்கும் வணக்கம்!

கைதட்டாதீங்க, அறிவுமதி அம்மா முறைக்கிறாங்க.

என்னை நன்றியுரை சொல்ல அழைத்திருக்கிறார்கள். நான் நன்றி சொல்லி முடித்ததும் தலைவர் எழுந்து, நாங்கள் வழக்கமாக உட்காரும் அந்த மூலை மேஜை எங்களுக்கு உண்டா, இல்லை அதை அப்புறப்படுத்திவிட்டு அங்கே கண்ணாடி பீரோ வைப்பதா என்று அறிவிக்கப்போகிறாராம். எந்த ஊர் மேடையிலாவது இப்படி ஒரு நிகழ்ச்சி நிரல் உண்டா? வெட்டப்போகும் ஆட்டைக் கூப்பிட்டு, மசாலா அரைத்தவர்களுக்கு நன்றி சொல் என்றால் அது சொல்லுமா? சொல்லும்! நம் ஊர் ஆட்டின் கையில் மைக்கைக் கொடுத்தால் எதையும் சொல்லும்!

நான் திருநங்கை. இது ஊரறிந்த செய்தி. நான்காம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னை விட்டது. நானும் பெருந்தன்மையோடு அதை விட்டுவிட்டேன். அப்படிப்பட்டவள் இந்த அறிவுக்கோயிலுக்குள் எப்படி வந்தேன்? அறிவைத் தேடியா வந்தேன்? இல்லை, ஐயா, இல்லை! நிழலைத் தேடி வந்தேன். ஓர் அலுவலகத்தில் அடையாள அட்டைக்காக நின்றேன்; சாப்பாட்டு நேரம் முடிந்து வா என்றார்கள். வெயிலோ உச்சந்தலையில் தோசை ஊற்றுகிறது. எதிரே திறந்த கதவு, உள்ளே ஓடுகிற விசிறி. நுழைந்துவிட்டேன்.

பேருந்தில் ஏறினால், இது எந்தப் பக்கத்து இருக்கை என்று கேட்கும் கண்கள். வரிசையில் நின்றால், இது எந்த வரிசை என்று கேட்கும் கண்கள். வாடகைக்கு வீடு கேட்டால், வீடே இல்லை என்று சொல்லும் வாய்கள். இங்கே அறிவுமதி அம்மையார் கேட்டது ஒரே கேள்வி. "எந்தப் பேப்பர் வேணும்?"

என்னைப் பார்த்து ஊர் கேட்ட கேள்விகளிலேயே எனக்குப் பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்! "படம் ஜாஸ்தி போட்டது எதுவோ அதைக் குடுங்க" என்றேன்.

அன்று முதல் மதிய வியாபாரம் முடிந்ததும் மூலை மேஜை. விரல் வைத்துத் தலைப்புச் செய்தி படிப்பேன். விரல் வலித்தால் கைப்பேசியில் விளையாடுவேன். சத்தம் வராமல் இருந்தால் போதும் என்று அம்மையார் அனுமதி. ஒரு கூட்டமே வானத்திலிருந்து குடையில் குதித்து, ஒருவரை ஒருவர் சுட்டுத் தள்ளும் விளையாட்டு அது. நான் குதித்தேன். விழுந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே ஒரு மலை!

தாய்மார்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள். திருவண்ணாமலைக்காரி ஒரு மலையைப் பார்த்தால் என்ன செய்வாள்? துப்பாக்கியைக் கீழே வைத்தேன். விளையாட்டில் நானாக ஓடும் பொம்மையின் பூட்ஸைக் கழற்றினேன். மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, மலையோரம் சித்தர்கள் நடக்கும் வழி என்று அதை விட்டுவிட்டு, பாதையின் இடது ஓரமாகக் கிரிவலம் நடக்க ஆரம்பித்தேன். சுட்டார்கள்! மறுநாள் நடந்தேன். மறுநாளும் சுட்டார்கள்! குண்டு வீசினார்கள், ஜீப்பை ஏற்றினார்கள், ஒருவன் வாணலியால் அடித்தே கொன்றான். இட்லிக்கடைக்காரியை வாணலியால் அடிக்கலாமா?

ஒருநாள் பின்னால் காலடிச் சத்தம். சரி, இன்றைய சாவு வந்துவிட்டது என்று திரும்பினேன். வெறுங்கால்! ஐயா, வெறுங்கால்! கையில் ஆயுதம் இல்லை. பாதையின் இடது ஓரம். அந்த உருவத்தின் தலைக்கு மேல் 'கறிதோசை' என்று பெயர்.

"அக்கா, நீங்க நம்ம ஊரா?" என்று ஒரு குரல். காதுக்குள் மாட்டிய இயர்போனிலும் அந்தக் குரல் கேட்டது. மாட்டாத காதிலும் கேட்டது. நிமிர்ந்து பார்க்கிறேன், இதே மேஜையின் அந்த முனையில் ஓர் ஆள், என்னைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு!

"உஷ்!" என்றார் அம்மையார்.

பேசக்கூடாது என்ற ஒரு விதிக்குக் கட்டுப்பட்டு, ஒரே மேஜையில், ஒரே விசிறிக் காற்றில், தனித்துப்போன இரண்டு பேர் எத்தனை நாள் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்! பிறகு 'பட்டாசு' வந்து சேர்ந்தாள். இன்னும் சிலர் வந்தார்கள். வரிசையாக வெறுங்காலோடு நடந்தோம். பட்டாசு விளையாட்டில் கிடக்கும் மருந்துப் பெட்டிகளைப் பொறுக்கிவந்து வழியெல்லாம் அன்னதானம் செய்தாள். சுட வந்த வெளியூர்க்காரர்கள் சிலர் சுடுவதை மறந்து எங்கள் பின்னால் வந்தார்கள். ஏன் நடக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. பௌர்ணமிக்கு வரும் பாதிப் பேருக்கும் தெரியாது!

யார் அந்தக் கறிதோசை என்று திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். அந்த மேஜையில் ஆணை விரும்பும் ஆண் உண்டு, பெண்ணை விரும்பும் பெண் உண்டு, பேருந்தைத் தவறவிட்டவரும் உண்டு. யார் எது என்று சொல்வது அவரவர் உரிமை. எங்களுக்குப் பால்புதுமையர் என்று ஒரு பெயர் இருப்பதை அறிவுமதி அம்மையார்தான் புத்தகத்தில் காட்டினார். எங்கள் தெருவில் கூப்பிடும் பெயர்களைவிட இது எவ்வளவோ தேவலை!

கறிதோசை ஒருநாள் சொன்னது இது. "வீட்ல பேசிக்கிட்டே இருக்கேங்க்கா, ஆனா ஒண்ணும் சொன்ன மாதிரி இல்ல. இங்க வாயே தொறக்கறதில்ல, எல்லாத்தையும் சொல்லிட்ட மாதிரி இருக்கு."

ஒரு சமயம் எனக்குக் காய்ச்சல். வரவில்லை. அன்று இவர்கள் அந்த மலையடியில் இறங்கி, அக்கா வராமல் நடக்கமாட்டோம் என்று நின்றார்களாம். நின்றால் சுடுவார்கள் அல்லவா? செத்தார்கள். மறுபடி குதித்து, மறுபடி நின்று, மறுபடி செத்தார்கள்! கடைசியில் அடி அண்ணாமலையில் கடை கடையாக விசாரித்து, ஒரு தூக்கு நிறையக் கஞ்சியோடு என் வாசலில் வந்து நின்றார்கள். இட்லி தீர்ந்துபோச்சா என்று கேட்பவர்களைத் தவிர, என் வாழ்நாளில் என் கதவைத் தட்டிய முதல் ஆட்கள் இவர்கள்தான். கஞ்சியில் உப்பு இல்லை. தூக்கை வழித்துக் குடித்தேன்.

இப்போது சொல்லுங்கள். அந்த மேஜை போனால் போவது நாலு கால் பலகையா?

எங்களால் படிப்பவர்களுக்கு இடைஞ்சல் என்பது புகார். உண்மைதான், இந்த மண்டபத்தில் அமைதி ஒரே ஒருமுறை கெட்டது. நாங்கள் மலையைச் சுற்றுகிறோம், மரத்துக்குப் பின்னால் ஒருவன் குறிபார்க்கிறான், என் முதுகுக்குப் பின்னால் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரின் குரல், கட்டடம் அதிர, "ஏம்மா! பின்னாடி பாரும்மா! மரத்தாண்ட நிக்கிறான் பாரு, ஓடும்மா!" என்று கத்தியது. யார் குரல்? கண்ணாடியைத் துடைத்தது போதும் அண்ணே, பளபளன்னு இருக்கு!

மொத்த நூலகமும் திரும்பிப் பார்த்தது. அண்ணனுக்கு வெட்கம். மறுநாள் நேரே நூலகரிடம் போய், "அதெல்லாம் கூடுற இடமா லைப்ரரி?" என்றார். அண்ணே, ஆபத்து வந்தபோது நான் 'அம்மா'. ஆபத்து தாண்டியதும் நான் 'அது'. அப்படியானால் என்மேல் எப்போதும் ஒருவன் குறிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா? அப்போதுதான் எனக்கு மரியாதையா?

பெருமக்களே, கைதட்டல் வேண்டாம், அம்மையாருக்குப் பிடிக்காது. மேஜை இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் கூட்டம் முடிந்து சுண்டல் வாங்கப் போகும் வழியில் அதை ஒருமுறை வலம் வந்துவிட்டுப் போங்கள். தலைவர் பார்த்து முடிவு சொல்லட்டும்.

யாருங்க அது, நாற்காலிய இழுக்கிறது? அண்ணே! எங்க கெளம்பிட்டீங்க? கோச்சுக்கிட்டீங்களா? வாசல் அந்தப் பக்கம். அங்க மேஜைதான் இருக்கு... அண்ணே, ஏன் குனியிறீங்க, இடுப்பு பிடிச்சுக்கிச்சா? ஐயையோ, செருப்பக் கழட்டுறாரு! அண்ணே, இடமாச் சுத்தாதீங்க! மேஜை வலக்கைப் பக்கம் வரணும்! என்ன சொல்றீங்க, சத்தமாச் சொல்லுங்க... பெருமக்களே, அண்ணன் சொல்கிறார்: "எத்தினி பஸ்ஸுக்கு வழி விட்டவன் நானு, எனக்குத் தெரியும்மா. நீ பேச்ச முடி!"

கேட்டீர்களா? 'தெரியும்மா' என்கிறார்! மரத்துக்குப் பின்னால் யாருமே இல்லாமல், என்னை அம்மா என்கிறார்!

முடித்துவிடுகிறேன். தலைவருக்கு நன்றி, எழுந்திருக்க முயல்கிறீர்கள், நாற்காலி விடமாட்டேன் என்கிறது, மெதுவாக வாருங்கள். அறிவுமதி அம்மையாருக்கு நன்றி. இன்று ஒருநாள் அந்த 'உஷ்'ஷை மறந்துவிடுங்கள். மைக்செட் போட்ட தம்பிக்கு நன்றி. தம்பி, ஒயர இழுக்கும்போது பாத்து, அந்தச் செருப்பை மிதிச்சுடாத. எங்க மேஜைக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்காரு.

எல்லோருக்கும் வணக்கம். இடது ஓரமாக வாருங்கள்.