தானாக மிதந்தால் கணக்கில் வராது

"தானா மிதந்து போனா அது டிரான்ஸ்போர்ட் இல்லையாம்ட்டி."

மும்பையின் காலை லோக்கல் ரயிலில், மகளிர் பெட்டியில், செம்பூரில் ஏறிய இரண்டு பெண்களில் ஒருத்தி இப்படிச் சொன்னாள். வாசலருகே நின்ற அவள் பெயர் ராணி. மொபைலும் கையுமாக இருந்தவள் செல்வி. எல்லா நாட்டு உயிரியல் ஆய்வகங்களும் ஒரே பொருளில் வழங்க வேண்டிய சொற்களுக்கு விளக்கம் எழுதுவது அவர்கள் வேலை என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"செல்லுக்குள்ள ஒரு இடத்துலருந்து இன்னொரு இடத்துக்குப் புரதம் போறது. இதுல என்ன குறை?" என்று 'டிரான்ஸ்போர்ட்'டுக்குத் தாங்கள் எழுதிய விளக்கத்தை மொபைலில் வாசித்தாள் செல்வி.

"மிதந்து போறதும் இதுக்குள்ள அடங்கிருதுன்னுதான் திருப்பி அனுப்பிருக்காங்க."

"போய்ச் சேர்ந்துருச்சுல்லா! எப்படிப் போனா இவங்களுக்கு என்ன?"

"இன்னைக்கு மீட்டிங்குக்கு முன்னால திருத்தி அனுப்பலன்னா, நம்ம சொல்லை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கட்டி."

பின்னால் நின்ற அம்மாள் ராணியிடம், "குர்லா உதர்னா ஹை?" என்று, குர்லாவில் இறங்கப் போகிறாளா என இந்தியில் கேட்டார். இருவரும் இறங்க வேண்டியதோ அதற்கும் அப்பால் வடாலாவில். வாதத்தின் சூட்டில் ராணி ஆமென்று தலையை ஆட்டிவிட்டாள். குர்லா வந்ததும் கூட்டம் அவளை அப்படியே அள்ளிக்கொண்டு போய்ப் பிளாட்பாரத்தில் விட்டது.

"ஏட்டி, நான் ஒரு அடிகூட எடுத்து வைக்கல! இவங்கதான் கொண்டுவந்துட்டாங்க!"

பெட்டிக்குள்ளேயே நின்ற செல்வி வாசலுக்குப் பாய்ந்தாள். பிறகு, "அதான்! கொண்டு போக ஒண்ணு வேணும்! அதைத்தான் எழுதாம விட்டிருக்கோம்!" என்று கத்தியபடி மொபைலில் தட்டினாள்.

வண்டி நகர்ந்தது.

"அனுப்பிட்டியா?" என்றாள் ராணி, கூடவே ஓடிவந்து.

"அனுப்பியாச்சு! நீ மெதுவா மிதந்து வா!"