மாட வீதியில் ஓட்டம்

லஸ் முனையில் நான் ஏறிய டிராமில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நேத்து எங்காத்துக்காரரும் நானும் ஒருத்தரையொருத்தர் தேடிண்டு கோயிலைச் சுத்தி ஓடினோம்டீ" என்றாள் மூக்குத்தி போட்டவள்.

"என்னடீ கூத்து?"

"ஓட்டப் பந்தயத்துக்குப் பழகறார். போன மாசம் பீச்சுல ஓடறச்சே மயங்கி விழுந்துட்டார். அதனால, இனிமே ஆத்து வாசல்லேருந்து என் கண்ணுல படறாப்பல நாலு மாட வீதியையே சுத்துங்கோன்னுட்டேன். நேத்து ஒரு சுத்துல ஆளைக் காணும். கதவைக்கூடச் சாத்தாம, அவர் போன வழியே ஓடினேன்."

"ஐயையோ! அப்புறம்?"

"அவரோ வழியில ஒரு சிநேகிதர் ஆத்துக்குள்ள மோர் குடிச்சிண்டிருந்திருக்கார். அது தெரியாம நான் தாண்டிப் போய்ட்டேன். அவர் ஆத்துக்கு வந்தா, கதவு திறந்து கெடக்கு, என்னைக் காணும். பதறிண்டு அவரும் ஓட ஆரம்பிச்சுட்டார். கடைசியில பின்னாலேருந்து, நடுத்தெருவுல, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். போன உசிர் அப்பத்தான் திரும்பி வந்தது."

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அசடே, நீ திரும்பி எதிர்ப்பக்கமா ஓடியிருந்தா அப்பவே பாத்திருப்பியே!"

மூக்குத்தி போட்டவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"கோயிலை அப்பிரதட்சிணமா சுத்தச் சொல்றியா?"