இரங்கல் பதிவின் கீழே அரிசிக் கடை

என் மகன் சமீபத்தில்தான் இணைய விளம்பர வேலையில் சேர்ந்தான். இன்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில், மண்ணச்சநல்லூர் அரிசிக் கடைக்காரரும் அவருடைய அக்கா மகனும் பேசியதைக் கேட்டதிலிருந்து, அவன் அங்கே என்னதான் செய்கிறான் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"ப்ளாக் கமென்ட்ல எல்லாம் நம்ம லிங்க்கைப் போட்டா கூகுள்ல முதல்ல வருவோம்னியேடா. இப்ப தேடுனா கடையவே காணோம்."

"ஸ்பேம்னு தள்ளிட்டாங்க மாமா."

"தள்ளாம? ஸ்ரீரங்கத்து வாத்தியார், 'அப்பா ஆசார்யன் திருவடி அடைந்தார்'னு எழுதியிருக்காரு. கீழ நீ, 'அருமையான பதிவு, அடிக்கடி எழுதுங்கள்'னு போட்டு, பொன்னி அரிசி லிங்க்!"

"படிக்கல மாமா. எல்லாத்துக்கும் ஒரே கமென்ட்தான்."

"அவரே போன் பண்ணிட்டாரு."

"திட்டினாரா?"

"பதிமூணாம் நாள் சமையலுக்கு அரிசி கேட்டாரு. நம்மளையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்காரு."

"அப்ப லிங்க் வேலை செஞ்சிருக்கு மாமா!"

"வாய மூடு. அங்க வந்து, 'அருமையான சாப்பாடு, அடிக்கடி போடுங்க'ன்னு சொல்லித் தொலைச்சிடாத."