சுண்ணாம்பு காட்டிய நிறம்

காப்பியில் சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன், டாக்டரம்மா. போன தடவை பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போனீர்கள். பாத்திமா மேரி படத்துக்குப் பூ வாங்கி வந்தது உங்கள் நல்ல மனசு. என் ரத்தமும் அவள் ரத்தமும் ஏன் இடம் மாறிய மாதிரி முடிவு காட்டுகிறது என்று கேட்கிறீர்கள். அவளிடம் இனிமேல் கேட்க முடியாது. நான் சொல்கிறேன்.

பாத்திமா என் ஓரகத்தி. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதே நடவு, அதே கரும்புக்கொல்லை, கடைசியில் அதே முழங்கால் வலி. ஆனால் எனக்கு முந்தி வந்துவிட்டது. எங்கள் ஊர் மரியாயின் சேனைக்கு, அதுதான் மாதா பக்தி சபைக்கு, இருபத்திரண்டு வருடமாக நான்தான் தலைவி. சனிக்கிழமை சாயங்காலம் குகை மாதிரி கட்டிய மாதா கெபிக்கு முன்னால் முழங்காலில் நின்று தலைவிதான் ஜெபமாலையைத் தொடங்க வேண்டும். போன வருடத்திலிருந்து என்னால் முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன். கொஞ்ச நாளில் பாத்திமாவும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டாள். அவள் அதில் உட்கார்ந்திருந்த வரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

அப்புறம் நீங்கள் மஞ்சளோடு வந்தீர்கள். கோவிலின் பங்குக் கூடத்தில் எங்களை உட்கார வைத்து நீங்கள் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "மஞ்சள் நல்லதுன்னு எல்லாரும் சொல்றோம். நிஜமாவே நோயைத் தடுக்குதா, தீர்க்குதான்னு நிரூபிக்கணும்ல? அதுக்காகப் பாதிப் பேருக்கு மஞ்சள் சத்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது." எனக்குக் கொடுத்த எண் நாற்பத்தொன்று, அவளுக்கு நாற்பத்திரண்டு. ஒரே மாதிரி டப்பா, ஒரே மஞ்சள் நிறக் குளிகை.

ஒரு மாதம் ஆவதற்குள் அவள் சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள். ஒருநாள் காலையில் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, மாடிக்கு ஏறிப் போயி துணி காயப்போட்டேங்கா. ஒனக்கு இன்னா, கொஞ்சமாச்சும் கொறையுதா?"

"கொறையுதுடி," என்றேன். குறையவில்லை. அவள் உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. வம்புக்குக் கேட்டிருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை கோவில் சாமியார் என்னிடம் பக்குவமாகப் பேசினார். "ரோசம்மா, நீங்க நாற்காலியிலயே சொகமா ஒக்காருங்க. இனிமே பாத்திமா நடத்தட்டும்." அவள் முன்னால் போய் முழங்காலில் நின்றாள். ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடியும்வரை ஆடவில்லை, அசையவில்லை. மாதா செய்த புதுமை, அற்புதம் என்று பெண்கள் அழுதார்கள். பின்னாலிருந்து அவள் உள்ளங்கால்களையே பார்த்துக்கொண்டு நான் மறுமொழி சொன்னேன்.

நான் வெற்றிலை போடுகிறவள், டாக்டரம்மா. அன்று வீட்டுக்கு வந்து ஒரு குளிகையைப் பிரித்துக் கொட்டி, விரலில் சுண்ணாம்பு தொட்டுக் குழைத்தேன். கல்யாண வீட்டில் ஆலம் சுற்ற மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் ரத்தமாய்ச் சிவக்கும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி; உங்கள் படிப்பில் விட்டுப்போயிருக்கிறது. என் குளிகை சிவக்கவில்லை. மறுநாள் அவள் பூசைக்குப் போயிருந்தபோது அவள் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். குழைத்தவுடனே சிவந்தது.

அந்த நிமிடமே இரண்டு டப்பாவிலும் உள்ளதை மாற்றிப் போட்டேன். பிறகு நீங்கள் புது டப்பா கொடுத்த ஒவ்வொரு மாதமும் மாற்றினேன். அதைத் திருட்டு என்று நான் நினைக்கவில்லை. எனக்குத்தான் வலி அதிகம். இருபத்திரண்டு வருடம் முழங்கால் தேய்ந்தது மாதாவுக்காக. நல்ல மருந்து எனக்கு வந்திருக்க வேண்டியது.

ஆனால் இரண்டு மாதம் மாவைத் தின்றும் அவள் நடந்தாள். மஞ்சளைத் தின்றும் நான் நாற்காலியில்தான் இருந்தேன். உங்கள் ஆட்கள் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேரின் கணக்கும் தப்பாகத்தானே வரும் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. மாவு தின்கிறவளுக்கு முழங்கால் வலிக்க வேண்டும், இல்லையா? அப்போதுதானே ஆராய்ச்சி ஆராய்ச்சியாக இருக்கும்.

கெபியில் ஏழு படி, வழவழப்பான கல். ஜெபமாலைக்கு முன்னால் தலைவி மேலே ஏறி மாதாவுக்கு மாலை போடுவாள், வெறும் காலோடு. அந்தச் சனிக்கிழமை நாலரை மணிக்கு, பூ வைக்கிற சாக்கில் நான் முதலில் போனேன். வலியோடு ஒவ்வொரு படியாகத்தான் ஏறினேன். பாதி மெழுகுவர்த்தியை எடுத்து ஆறாம் படியில் முழுவதும் தேய்த்தேன். கோலப்பொடி தூவும் நேரம்கூட ஆகவில்லை. இறங்கி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பாத்திமா ஏறும்போது வழுக்கவில்லை. மாலை போட்டுவிட்டுத் திரும்பி, ஆறாம் படியில் கால் வைத்தாள். பின்னந்தலை கீழே முதல் படியில் பட்டது. பாண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள். மெழுகு சொட்டியதில் கால் வழுக்கிவிட்டது என்று கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளை சொன்னார். கத்தியால் சுரண்டிக் கழுவியும் விட்டார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. நான் நினைத்தது முழங்காலைத்தான். தலையை நான் நினைக்கவே இல்லை.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்களே. முக்கியமானதை இனிமேல்தான் சொல்ல வேண்டும். அடக்கப் பூசையில் சாமியார் என்னை ஜெபமாலை தொடங்கச் சொன்னார். அவள் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். ஐம்பத்து மூன்று மணியும் முடியும்வரை நின்றேன். துளிகூட வலிக்கவில்லை, டாக்டரம்மா. நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு மஞ்சள் வேலை செய்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.