எட்டுச் சொடுக்கு

கொஞ்சம் பலமான நாற்காலி ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். இது என் எடைக்கு அழுகிறது. அரைமணி நேரமாவது நான் உட்கார வேண்டியிருக்கும். பாதியில் தரையில் கிடந்தால் வாக்குமூலத்துக்கு ஒரு மரியாதை இருக்காது.

உங்கள் விசாரணை அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது, ஷெரிப் பிளேக். அதைத் திருத்தத்தான் வந்தேன். என் நண்பன் ஓரின் மலையிலிருந்து விழுந்தபோது துப்பாக்கியும் விழுந்தது, அந்த அடியில் அதன்மேல் இருந்த குறிபார்க்கும் ஸ்கோப் நகர்ந்துவிட்டது, அதனால்தான் பிறகு நீங்கள் சுட்டுப் பார்த்தபோது குண்டு தாழ்வாகப் போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரே அதைப் படித்துவிட்டது. நேற்றுக் காலை சாப்பாட்டுக் கடையில் ஒருவன், "வெர்ன் மாட்டுன ஸ்கோப்பே நகருதுன்னா வேற யாரை நம்புறது?" என்று பான்கேக்கை மென்றபடி கேட்டான். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இருபத்தேழு வருடத்தில் நான் பொருத்திய ஸ்கோப் ஒன்றுகூட நகர்ந்ததில்லை. இதுவும் தானாக நகரவில்லை. நகர்த்தியது நான்.

நீங்கள் பேனாவை எடுப்பது தெரிகிறது. எடுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

என் பிழைப்பு துப்பாக்கியின் எடையைக் குறைப்பது. மலையேறுகிறவனுக்கு ஒவ்வொரு அவுன்சும் சுமை. அதனால் உடலை டைட்டானியத்தில் செய்வேன், குழலை மெலிதாகக் கடைந்து கார்பன் நாரைச் சுற்றுவேன், திருகாணிகளின் தலையைக்கூடக் குடைவேன். சமையலறைத் தராசில் நிறுத்து நிறுத்துப் பார்ப்பேன். மாவு நிறுக்க வாங்கிய தராசு அது. அதில் மாவு விழுந்து பல வருடம் ஆகிறது. இத்தனையும் செய்கிறவனின் வயிறு இருபத்தேழு வருடத்தில் ஒரு அவுன்சு குறைந்ததில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை எடைக்காக அறுத்துவிட்டு, அதே கையால் இரண்டாவது பர்கரை எடுக்கிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை இலக்குச் சுடும் மைதானத்தில் ஓரின் என்னை விட்டதே இல்லை. "வெர்ன், துப்பாக்கியில சீவுறதையெல்லாம் நீ எங்கடா போடுற? உள்ளயா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உண்மையிலேயே நல்ல கேலி அது.

பெருங்கொம்புக் காட்டுச் செம்மறிக் கடாவைச் சுட அரசாங்கம் குலுக்கலில் கொடுக்கிற அனுமதிக்கு முப்பத்தொரு வருடமாக மனுப் போட்டு வருகிறேன். வசந்தம் வந்தால் மனு, கோடை வந்தால் 'தேர்வாகவில்லை' என்று ஒரு கடிதம். கிடைக்காத ஒவ்வொரு வருடத்துக்கும் ஆறுதலாகப் புள்ளி கொடுப்பார்கள். மொன்டானாவில் என்னைவிட அதிகம் ஆறுதல் பெற்றவன் இருக்கமாட்டான்.

ஓரினுக்குக் கணினி வராது. அவனுடைய மான் வேட்டை மனுவை வருடாவருடம் நான்தான் நிரப்புவேன். போன வருடம் அதே பக்கத்தில் கடாவுக்கும் ஒரு கட்டம் இருந்தது. விளையாட்டாக அதையும் தட்டிவிட்டேன்.

ஜூன் மாதம் போன் வந்தது. "டேய், கவர்மென்ட்ல இருந்து ஏதோ ஆடுன்னு அனுப்பியிருக்காங்கடா. நான் ஆடெல்லாம் கேக்கலையே?"

எனக்குப் பொறாமை. வேறு நாகரிகமான பெயர் இருந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வீட்டில் நான் மட்டும்தான். தண்ணீர் யாருக்காகத் திறந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுவாரம் ஓரின் கடைக்கு வந்தான். "நீயே செஞ்சு குடுடா. எனக்கு என்ன வேணும்னு என்னைவிட உனக்குத்தான் தெரியும்" என்றான். செய்தேன். கையின் நீளம் அளந்தேன். குட்டைக் கை, பிடிக்கட்டையை முக்கால் அங்குலம் குறைத்தேன். குழல் இருபது அங்குலம் போதும் என்று முடிவு செய்தேன். அவனுக்கு வால்நட் கட்டைமேல் ஆசை; மலையில் ஆசை சுமக்காது என்று கார்பனுக்குச் சம்மதிக்க வைத்தேன். குளிரில் விரல் மரத்துப்போகும் என்பதால் விசையை மட்டும் ரொம்ப இலேசாக வைக்கவில்லை. அவனுக்கு ஆபத்து வந்துவிடக்கூடாது என்று பார்த்தேன். சிரிக்கிறீர்களா? நானும் பிறகு இதை நினைத்துச் சிரித்தேன்.

ஸ்கோப்போடு சேர்த்து ஐந்து பவுண்டு இரண்டு அவுன்சு. நான் செய்ததிலேயே நல்ல துப்பாக்கி. நூறு கஜத்தில் மூன்று குண்டும் ஒரே ஓட்டையில் விழுந்தன. ஆறு வாரம் உழைத்து நான் குறைத்த எடையை ஓரின் ஒரே ஒரு தொத்திறைச்சியில் திரும்ப ஏற்றிக்கொண்டான். அது இல்லாமல் மலையேற முடியாதாம்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மதியம், சமையலறை மேசையில் வைத்து ஸ்கோப்பின் மேல் குமிழைத் திருகினேன். எட்டுச் சொடுக்கு, ஒரு சொடுக்குக்கு நூறு கஜத்தில் கால் அங்குலம். பிறகு எண் பொறித்த மேல்வளையத்தைக் கழற்றி, பூஜ்யம் நேராக வரும்படி மறுபடி மாட்டினேன். பார்த்தால் தெரியாது. நூறு கஜத்தில் இரண்டு அங்குலம் தாழும், முந்நூறில் ஆறு. அவன் கடாவைத் தவறவிட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். தவறவிட்டு இறங்கி வந்து, என்னைப் போல வெறுங்கையோடு பியர் குடிக்க வேண்டும்.

அவனுக்கு ஒரு வாய்ப்பும் இருந்தது. மலையேறும் முன் வண்டி நிற்கிற இடத்தில், காகிதத் தட்டு ஒன்றை நூறு கஜத்தில் குத்திவைத்து ஒரு குண்டு சுட்டுப் பார்ப்பது நம் வழக்கம். உங்கள் அப்பாவும் செய்வார். அன்றைக்கு ஓரின் சுடவில்லை. சுட்டிருந்தால் தாழ்வது தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை கடா கிடைத்தது. பாறைத் தட்டில் பக்கவாட்டில் நின்றிருந்தது, இருநூற்றுத் தொண்ணூறு கஜம். நான் அவன் பக்கத்தில் படுத்துத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். படுக்கிற வேலை எனக்கு நன்றாக வரும். அவன் மூச்சை அடக்கி மிக அழகாகச் சுட்டான். அவன் பார்த்துச் சுட்ட இடம் நெஞ்சு. குண்டு முன்னங்காலை உடைத்தது. கடா மண்டியிட்டு எழுந்து, மூன்று காலில் செங்குத்துப் பாறைக்குள் போயிற்று.

ஓரின் துப்பாக்கியைத் தடவிக் கொடுத்தான். "என் தப்புடா வெர்ன். விசையை வெடுக்குனு இழுத்துட்டேன் போல. இவ்வளவு நல்ல சாமான், நான்தான் பாழாக்கிட்டேன்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இருட்டுறதுக்கு நிறைய நேரம் இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

"அடிபட்டதை விட்டுட்டு எப்படிடா இறங்குறது? நீ வர்றியா?"

"என் முட்டியைப் பத்தித்தான் தெரியுமே."

"சரி, நீ தொத்திறைச்சியைப் பாத்துக்க. முழுசா தின்னுடாத."

நான் தொலைநோக்கியில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் தூறலில் பாறை ஈரமாக இருந்தது. அவன் கால் வைத்த கல் அவனோடு வந்துவிட்டது. துப்பாக்கி நாற்பது அடியில் ஒரு விளிம்பில் சிக்கி நின்றது. ஓரின் நிற்கவில்லை.

அவ்வளவு உயரத்திலிருந்து பாறைமேல் விழுந்தும், நீங்கள் சுட்டபோது நூறு கஜத்தில் சரியாக இரண்டு அங்குலம்தான் தாழ்ந்தது. உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. எட்டு என்றால் எட்டு, ஒரு சொடுக்கு கூடவில்லை, குறையவில்லை. என் வேலையைப் பற்றி இதற்குமேல் நான் என்ன சொல்ல?

இறுதிச் சடங்கு முடிந்து ஓரினின் மனைவி மார்லிஸ் என்னிடம் வந்தாள். "கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். துப்பாக்கியைப் புகழ்ந்தான் என்றேன். பொய் சொல்லவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு புருஷன் வேலையைத் தவிர மத்ததெல்லாம் உன்னை நம்பித்தான் செஞ்சாரு" என்றாள். பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் கொடுத்தனுப்பினாள். வண்டியிலேயே தின்று முடித்தேன்.

இப்போது நீங்கள் கேட்கிறீர்கள், ஏன் எட்டு என்று. இருபது சொடுக்கு வைத்திருந்தால் குண்டு ஒன்றேகால் அடி தாழ்ந்து கடாவின் வயிற்றுக்குக் கீழே மண்ணில் போயிருக்கும். ஓரின் என்னைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்திருப்பான் என்கிறீர்கள். கணக்கு சரி. உங்களுக்குக் கணக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை, மன்னியுங்கள்.

இருபது என்றால் காகிதத் தட்டுக்கே கீழே போய்விடும், உடனே பிடிபட்டிருப்பேன். எட்டு தட்டுக்குள்ளேயே விழும். காலைக் குளிர் என்று சொல்லிச் சமாளிக்கலாம். அதனால்தான் எட்டு. இத்தனை மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில் இதுதான், நன்றாகவே இருந்தது.

மேசைமேல் அதை ஏன் வைக்கிறீர்கள்? ஆமாம், அவன் வண்டியில் இருந்த தட்டுதான். ஓட்டை இல்லை, பார்க்கிறேன். அன்றைக்கு ஓரின் இதைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவே ஆரம்பித்துவிட்டான். "வேணாம்டா, சத்தம் கேட்டா கடா மலையைத் தாண்டிரும், நான்தான் பாத்துட்டேனே" என்று நான் சொன்னேன். அவன் திரும்பிவந்து தட்டை இருக்கையில் வைத்தான். அப்படிச் சொல்லப்போகிறேன் என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தேன். தட்டுக்குப் பயப்பட எனக்குக் காரணமே இருக்கவில்லை.

ஓரின் அடிபட்ட மிருகத்தை விட்டுவிட்டு வரமாட்டான். முப்பது வருடமாக எனக்குத் தெரியும். ஒருமுறை ஒரு மானுக்காக இரண்டு நாள் பனியில் நடந்தவன்.

எழுதிக்கொள்ளுங்கள். மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொடுக்கையும் வாய்விட்டு எண்ணினேன். தவறவிட இருபது வேண்டும், எட்டு காயப்படுத்தும் என்பது தெரிந்தேதான் எட்டில் நிறுத்தினேன்.