கித்தேரி பங்கு

அது சண்டைக் காலம். ஜப்பான்காரன் கப்பல்ல வர்றான், ஆகாசத்துல வர்றான்னு சொல்லிச் சொல்லியே சனம் பாதி உசுரா கெடந்த காலம். அப்ப தெக்குக் கடக்கரையில முரல்முனைன்னு ஒரு ஊரு. வேற ஊரு இல்ல, நாம உக்காந்திருக்கோமே, இந்த ஊருதான். இங்க கித்தேரின்னு ஒருத்தி இருந்தா.

அவ புருசன் தொம்மை. அயினிப் பலகையில ஒரு வள்ளம் செஞ்சாரு. செஞ்சாச்சு, வலைக்கு நூல் வாங்க வழியில்ல. ரெண்டு வருசம் பாடுபட்டுட்டு வாறேன்னு ரங்கோனுக்குக் கப்பலேறுனாரு. அவரு போன பொறவு ரங்கோன்ல குண்டு விழுந்துச்சு. அங்கிருந்து சனம் காடு மலையெல்லாம் நடந்து வருதுன்னு பேச்சு வந்துச்சு. தொம்மை வரல. கித்தேரி தெனமும் வள்ளத்துக்கு மீன் எண்ணெ பூசி வச்சாளாம். வெயில்ல பலகை வெடிச்சா, அவுக வந்து என்னையத்தான் கேப்பாகன்னு சொல்லுவாளாம்.

அப்பத்தான் வெள்ளக்காரப் பட்டாளம் முனையில வந்து கூடாரம் அடிச்சுச்சு. அடிச்சதும் மொத வேலையா, எதிரி கையில அம்புடக் கூடாதுன்னு ஊரு வள்ளத்தையெல்லாம் அடியில ஓட்டை போட்டு முக்குனாங்க. யாரும் கடலுக்குப் போகக் கூடாது, வள்ளத்தை ஒளிச்சு வச்சா செயிலுன்னு தமுக்கு அடிச்சாங்க. அப்பிடியும் ஊரு சும்மா இருக்கல. தொம்மை வள்ளத்தை மட்டும் தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டுக்குள்ள பொதச்சு, மேல முள்ளை வெட்டிப் போட்டு மூடிருச்சு. சண்டை முடிஞ்சு கடல் தெறக்குறன்னைக்கு ஊருக்கு ஒரு வள்ளமாவது வேணும்ல.

ரெண்டாவது என்ன நடந்துச்சு? நம்ம ஊத்து போச்சு. கையால தோண்டுனா இனிச்ச ஊத்து அது. பட்டாளத்துக்காரன் பெரிய பம்பை வச்சு ராவும் பகலுமா இழுத்தான். இழுக்க இழுக்க கடல் உள்ள வந்துருச்சு. கித்தேரி ஒரு நா கொடத்தை எறக்கி வாயில வச்சுப் பாத்தா, உப்பு. அன்னையிலருந்து கடலு முன்னால, உப்பு பின்னால, குடிக்கத் தண்ணி இல்ல.

அதுக்குத்தான் பாய்லர் கொண்டாந்து வச்சாங்க. கடத்தண்ணியக் காய்ச்சும், ஆவி குழாய் வழியாப் போயி நல்ல தண்ணியா ஒழுகும். அதே நெருப்புல கரண்டும் வரும். கூடாரத்துக்கு வெளக்கு எரியும். ஊரைக் கூட்டி வச்சுத் தொரை பேசுனான். பக்கத்துல நின்னு தமிழ்ல சொன்னது பட்டாளத்துல கணக்கெழுதுற ரைட்டர் மாசிலாமணி. மருதப் பக்கத்து ஆளு.

"தண்ணி ரெண்டு பேருக்கும் பொது. செலவும் பொது. எஞ்சினு தொரைமாரு பங்கு. வெறகு உங்க பங்கு. வெறகு வந்தாத் தண்ணி வரும்."

கித்தேரி எந்திரிச்சாளாம். "ஊத்தைக் கெடுத்தது யாரு, ரைட்டரே? கெடுத்தவுகளோட நாங்க எதுக்குப் பங்கு போடணும்? வெளக்கு அவுகளுக்கு எரியுது, அதுக்கும் எங்க வெறகான்னு கேளுங்க."

மாசிலாமணி தொரை பக்கம் திரும்பி ரெண்டே வார்த்தை சொன்னாராம். தொரை சிரிச்சுக்கிட்டே தலையாட்டுனான். அவ கேட்டது அவன் காதுக்குப் போகவே இல்ல.

என்ன செய்யிறது? வெட்டுனாங்க. உடைமரத்தை வெட்டுனாங்க, போட்டாங்க, எரிஞ்சுச்சு. பனையை வெட்டுனாங்க, போட்டாங்க, எரிஞ்சுச்சு. கட்டுமரத்தை அவுத்துப் போட்டாங்க, அதுவும் எரிஞ்சுச்சு. கதவைக் கழட்டிப் போட்ட வீடும் உண்டும்பாங்க. வெறகு கொண்டாந்த வீட்டுக்குத்தான் தண்ணி. உப்பளத்துல வேலைக்கு வந்து குடிசை போட்டிருந்த சனத்துக்கிட்ட வெட்ட மரமும் இல்ல, கழட்டக் கதவும் இல்ல. அவுங்க பானையைக் கவுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

மழை பொய்ச்சுப் போச்சு. ஊருல வெறகும் தீந்துபோச்சு. பட்டாளத்துக்கு நிலக்கரி கொண்டு வார லாரி தாண்டுற பாலமும் ஒடஞ்சு போச்சு. கடைசியில ஒரு நா பாய்லர் குளுந்து போச்சு. பட்டாளத்துக்கு தொட்டியில தண்ணி இருந்துச்சு, காவலும் இருந்துச்சு. ஊருக்கு ஒண்ணுமில்ல. வெட்டிப் போட்ட பனையோட குருத்தை மென்னாங்க. விடியக்காலம் துணிய விரிச்சுப் போட்டுப் பனித்தண்ணியப் புழிஞ்சாங்க. மொதல்ல போனது கெழடுக. பொறவு புள்ளைக. கோயில் மணிய அடிக்க வேணாமுன்னு, கோயிலைப் பாத்துக்கிட்டிருந்த உபதேசியாரே சொல்லிட்டாராம். ஒவ்வொரு சாவுக்கும் அடிச்சா இருக்கிற சனத்துக்கு நெஞ்சு நின்னுபோகும்னு.

உபதேசியார் கித்தேரிக்கிட்ட வந்தாரு. வந்து தேரிப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னாரு.

"நீரு எதுக்கு வந்தீருன்னு தெரியும்"ன்னா கித்தேரி. "அவுக வந்தா எதுல கடலுக்குப் போவாக?"

அவரு திரும்பிப் போயிட்டாரு. அவளை யாரும் வையல. ஊருக்கே அந்த ஒத்த வள்ளந்தானே மிச்சம். அதை எரின்னு எந்த வாயி சொல்லும்?

அடுத்த வீடு சூசை வீடு. எங்க ஐயாவைப் பெத்தவரு. கைப்புள்ளையா கெடந்தது எங்க ஐயா. தாய்க்குத் தண்ணி இல்ல, அதனால பாலு இல்ல. காலையில புள்ள கத்துச்சு. உச்சியில மொனகுச்சு. பொழுது சாயயில சத்தம் நின்னுபோச்சு. கித்தேரி அடுப்படியில உக்காந்து அந்தச் சத்தத்துக்குக் காத்துக்கிட்டே இருந்தாளாம். வரல. எந்திரிச்சுப் போயி எட்டிப் பாத்தா, புள்ளைக்கு மூச்சு இருக்கு, அழுகத் தெம்பில்ல. தாய்க்காரி இவளை நிமுந்து பாத்தா. கேக்கல. பாத்தா, அவ்வளவுதான்.

கித்தேரி கோடாலிய எடுத்துக்கிட்டுத் தேரிக்குப் போனா. முள்ளை இழுத்துப் போட்டா. கையாலயே மணலைத் தள்ளுனா. வள்ளத்தோட முன்மூக்கு, அணியம் தெரிஞ்சுச்சு. அதுல தொம்மை செதுக்குன சிலுவை இருந்துச்சு. பின்னாலயே வந்த ஆம்பளைக சுத்தி நின்னாங்க. ஒருத்தன் கையும் எழும்பல.

"நான் கொத்துனாத்தான் நீங்க கொத்துவீக"ன்னு சொன்னா. மொத வெட்டு அவளே வெட்டுனா. எண்ணெ குடிச்ச பலகை. கோடாலிய விடாமக் கவ்விக்கிருச்சாம். அதை உருவத் தெம்பில்லாம அதும்மேலயே சாஞ்சு அழுதாளாம். சூசைதான் வந்து உருவுனாரு. பொறவு எல்லாரும் வெட்டுனாங்க.

பலகையச் சொமந்துக்கிட்டுப் போனா, தொரை வெளிய வந்து பாத்தான். மரத்தைப் பாத்ததும் அது என்னன்னு அவனுக்கு வெளங்கிருச்சு. செயிலுக்கு அனுப்பக்கூடிய குத்தம். கித்தேரி அவனை விட்டுட்டு மாசிலாமணிக்கிட்டப் போயி நின்னா.

"ரைட்டரே, அன்னைக்கு நான் சொன்னத முழுங்குனீரு. இன்னைக்கு முழுங்காதேயும். ஒண்ணு, இந்த வெறகுல வெளக்கு எரியக் கூடாது, தண்ணி மட்டுந்தான் காயணும். ரெண்டு, வெறகுக்குத் தண்ணி இல்ல, வாய்க்குத் தண்ணி. உப்பளத்துக் குடிசையில எத்தனை வாயோ, அத்தனைக்கும் பங்கு. இதுக்குச் சம்மதமுன்னா அடுப்புல போடுவேன். அப்புறம் செயிலுக்குக் கூப்பிட்டா வாறேன்."

மாசிலாமணி இந்தத் தடவை நீளமாச் சொன்னாராம். ஒண்ணு, ரெண்டுன்னு வெரலை மடக்கிச் சொன்னாராம். தொரை அந்தப் பலகையில கைய வச்சுப் பாத்தான். செயிலைப் பத்தி ஒரு பேச்சும் பேசல. திரும்பிப் போனான். கொஞ்ச நேரத்துல கூடாரத்து வெளக்குக்குப் போற கரண்டுக் கம்பிய அவுத்துப் போட்டாங்க.

எரிஞ்சுச்சு. அயினி மரம், மீன் எண்ணெ குடிச்ச மரம், நின்னு எரிஞ்சுச்சு. குழாயில மொதல்ல வந்த தண்ணி சூசை வீட்டுக்குப் போச்சு. அடுத்தது உப்பளத்துக்கு. கித்தேரி கடைசியா வாங்குனா. வாங்குன தண்ணிய ராத்திரி பூரா மடியில வச்சுக்கிட்டுக் குடிக்காமயே உக்காந்திருந்தாளாம்.

வள்ளம் தீந்த கையோட மழை வந்துச்சு. ரெண்டு நா பொறுத்திருக்கலாமேன்னு எவனோ சொன்னானாம். அதுக்கு சூசை, "எம்புள்ளைக்கு ரெண்டு நா இல்ல"ன்னாராம்.

சண்டை முடிஞ்சுச்சு. பட்டாளம் போச்சு. தொம்மை வந்தாருன்னு வடக்குத் தெருவுல ஒரு கதை சொல்லுவாங்க. நம்பாதீங்க. அவரு வரல. ஒரு சேதியும் வரல. கித்தேரி கெழவியாகுற வரைக்கும் சாயங்காலமானா முனைக்குப் போயி நின்னா.

கடல் தெறந்ததும் சூசை கடன்பட்டு ஒரு கட்டுமரம் கட்டுனாரு. நம்ம வழக்கம் தெரியும்ல, புடிச்ச மீனுல ஆளுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, வள்ளத்துக்கு ஒரு பங்கு. மொத நா மீன்பாடு வந்துச்சு. சூசை அதுல ஒரு பங்கைப் பிரிச்சுக் கொண்டாந்து கித்தேரி வாசல்ல வச்சாரு.

"என்னதுப்பா இது?"

"வள்ளப் பங்கு, மதினி."

"எனக்கு ஏது வள்ளம்?"

"நாங்க குடிச்சோமே, அந்த வள்ளம்."

கித்தேரி அந்த மீனை வாங்கிக்கிட்டா. அப்புறம் அதுல பாதிய எடுத்து, புருசனைக் கடலுக்குக் குடுத்த ஒரு வீட்டுக்குக் கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்தா. மறுநா அடுத்த கட்டுமரத்துக்காரன் கொண்டாந்தான். அதுக்கடுத்து எல்லாரும் கொண்டாந்தாங்க.

அவ செத்த பொறவும் அந்தப் பங்கு நிக்கல. இன்னைக்கு டீசல் போட்டுப் போற போட்டுக்காரனும், கரையில மீனைக் கொட்டுனதும் ஏலம் போடுறதுக்கு முந்தி ஒரு கூறு ஒதுக்கி வைப்பான். ஆம்பளை இல்லாத வீடு, வள்ளம் இல்லாத வீடு, அந்த வீட்டுப் பொம்பளை வந்து கூடையில அள்ளிக்கிட்டுப் போவா. அவ கேக்க வேண்டியதில்ல. இவன் குடுத்தேன்னு சொல்லவும் கூடாது. வெளியூரு ஏவாரி, இது யாரோட கூறுன்னு கேட்டா ஒரே பேருதான் சொல்லுவோம், கித்தேரி பங்கு.