முன்கூட்டியே கேட்ட மன்னிப்பு

வாடகை வீட்டுக்குப் புதிதாகக் குடிபோகிறவர்கள் சாமான்களை இறக்குவதற்கு முன்பே பூச்சிப் புகை போட்டுவிட வேண்டும். வெற்று அறையின் நடுவில் டப்பாவை வைத்து, தண்ணீர் ஊற்றி, கதவைச் சாத்திவிட்டு, வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் போதும். நான் அதைச் செய்யவில்லை. மழைக்காலம், சாமான் வண்டிக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். ஏஜெண்ட் நோசே, "எல்லாம் சுத்தம் பண்ணித்தாம்மா வச்சிருக்கோம்" என்றான். அவனுடைய சட்டைக் காலரின் அழுக்கைப் பார்த்த பிறகும் அதை நம்பியிருக்கிறேன்.

எனக்குத் தொழில் மரியாதை கற்பிப்பது. கம்பெனிகளில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு எவ்வளவு குனிந்து வணங்க வேண்டும், பெயர் அட்டையை எப்படி இரு கையாலும் நீட்ட வேண்டும், லிப்டில் யார் எங்கே நிற்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தருகிறேன். நேற்று என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துவந்த உங்கள் இளம் போலீஸ்காரர் வணங்கியபோது கழுத்து மட்டும்தான் வளைந்தது. குற்றமாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். வளர்ப்பு அவ்வளவுதான்.

குடிபோன மறுநாள் காலையில் சோற்றுக் குக்கரைத் திறந்தேன். மூடியின் ஓரத்தில் ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஒரு குடும்பமே இருந்தது. நோசேவுக்குப் போன் செய்தேன்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே பூச்சி இருந்துச்சுன்னா வீட்டுக்காரர் பொறுப்பு, தோயாமா அம்மா. வந்த பெறகுன்னா உங்க பொறுப்பு. உங்க அட்டைப்பெட்டிங்களோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கும், நல்லாப் பாருங்க."

என் பெட்டிகளில். போனை வைத்துவிட்டேன். முட்டாள்களோடு வாதாடினால் தங்கள் பேச்சுக்கும் ஒரு மதிப்பு இருப்பதாக அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இந்த நிலையில் குடியிருப்பவருக்கு என்ன வழி இருக்கிறது, சொல்லுங்கள். பொறுத்துக்கொள்ளலாம். அது என் பழக்கம் இல்லை. காலி செய்யலாம். இதே காரணத்துக்காக ஏற்கெனவே இரண்டு வீடுகளைக் காலி செய்தவள் நான். எங்கே போனாலும் பக்கத்தில் ஓர் அழுக்குப் பிறவி எனக்காகக் காத்திருக்கிறது. மூன்றாவது வழி, அந்தப் பிறவி யாரென்று கண்டுபிடித்துப் புகார் கொடுப்பது.

கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. புதிதாகக் குடிவந்தவர் வழக்கப்படி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க வேண்டிய கைத்துண்டை அழகாகக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன். கிரிஹாரா என்ற கிழவர் திறந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். மூலையில் அதற்கான மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அறை முழுக்கப் பழைய செய்தித்தாள் கட்டுகள், மேசையில் சாப்பிட்டுக் கழுவாத நூடுல்ஸ் கிண்ணம். பார்லி தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் கோப்பையைத் தொடவில்லை. பூச்சியைப் பற்றிச் சொன்னேன்.

அவர் நெற்றி பாயில் படும்படி குனிந்துவிட்டார்.

"தப்பு என் மேலதாம்மா. ஏஜெண்டுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எழுவத்தொம்பது வயசு, தனிக்கட்டை. எங்க போய் வீடு கேட்டாலும், கெழவன் உள்ளயே செத்துக் கெடந்தா வீட்டுக்குக் கெட்ட பேராயிடும்னு தொரத்தி விடுறாங்க. இதுவும் போச்சுன்னா எனக்குப் போக்கிடம் இல்ல."

"சொல்ல மாட்டேங்க, ஐயா" என்றேன்.

முதுகு நேராக, கை விரல்கள் சேர்ந்து, அவர் வணக்கத்தில் ஒரு பிசகும் இல்லை. என் வகுப்பில் ஒருவனுக்குக்கூட அது வருவதில்லை. அத்தனை குப்பைக்கு நடுவிலிருந்து அப்படி ஒரு வணக்கம் வந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் அவர் அறையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன். செய்தித்தாள் கட்டுகளை எல்லாம் ஜன்னலுக்கு முன்னால் உயரமாக, நேராக அடுக்கினேன். மூச்சிரைக்க அவர் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பழைய மரக் கட்டடத்தில் மெத்தை மடித்து வைக்கும் அலமாரியின் மேல்பலகையைத் தள்ளினால், கூரைக்கு அடியில் இருக்கும் வெற்றிடமான உள்கூரை தெரியும். அங்கே அறைக்கு அறை தடுப்புச் சுவர் கிடையாது. என் அறையிலிருந்து பார்த்தாலே அவர் அறையின் மேல்பலகையில் இருக்கிற விரிசல் தெரிந்தது.

புகை போடுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இல்லையென்றால் யாராவது பதறிப்போய்த் தீயணைப்பு வண்டியை அழைத்துவிடுவார்கள். மறுபடியும் துண்டுகள் வாங்கி எல்லாக் கதவையும் தட்டினேன். சனிக்கிழமை மதியம் புகை வரும், நாற்றம் வரும், இருமல் சத்தம்கூடக் கேட்கலாம், தயவுசெய்து மன்னிக்க வேண்டும் என்றேன். என் அறைக்கு நேர் கீழே இருக்கும் ஓகினோ என்ற பெண்மணிக்கு ஒரே பூரிப்பு.

"இந்தக் காலத்துல யாரும்மா இப்படி வந்து சொல்றாங்க? எங்க மருமவளும் இருக்காளே, வாயத் தெறந்தா முத்து உதிந்துடும். நீங்க நிம்மதியாப் போடுங்கம்மா. வீடே எரிஞ்சாலும் நான் எட்டிப் பாக்க மாட்டேன்."

துண்டு ஓர் அற்பமான பொருள். அதை வாங்கிக்கொண்டவர்கள் அதற்குப் பிறகு எதையும் கேட்பதில்லை. இருபது வருடமாக இதைத்தான் நான் பாடமாகச் சொல்லித் தருகிறேன்.

கிரிஹாராவிடம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை என்றேன். அன்று காலையிலேயே கிளினிக்கில் போய் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார். கிழமையை மாற்றிச் சொன்னது ஞாபகப் பிசகு என்று நேற்று உங்களிடம் சொன்னேன். எனக்கு ஞாபகப் பிசகு வருவதில்லை.

ஓர் அறைக்கு ஒரு டப்பா போதும். நான் அதற்கு மேல் நிறைய வாங்கியிருந்தேன். சனிக்கிழமை மதியம் எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றி, உள்கூரை வழியாக அவர் அறை விரிசலின் பக்கம் தள்ளி வைத்தேன். பிறகு என் கதவைப் பூட்டிக்கொண்டு நடைபாதைக்கு வந்தேன். அங்கே கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். அவர் கதவில் முதுகைச் சாய்த்து, கையில் குடையோடு, டாக்சிக்குக் காத்திருப்பவள் போல நின்றேன்.

முதலில் இருமல். பிறகு ஏதோ சரிந்து விழுந்தது. பிறகு கைப்பிடி திரும்பியது. கதவை அவர் பலமாகத் தள்ளவில்லை. பலம் இருந்தால்தானே. அந்த நேரத்திலும் அவர் கத்தவில்லை என்பதை உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

"சிரமம் குடுக்குறேன்... மன்னிச்சுக்கணும்... கதவு தெறக்க மாட்டேங்குது... யாராச்சும் கொஞ்சம்..."

கீழே ஓகினோவின் ஜன்னல் திறந்தது.

"அது பூச்சி மருந்துதான், தாத்தா. கொஞ்ச நேரத்துல சரியாப் போயிடும். பொறுத்துக்குங்க" என்று குரல் கொடுத்தாள். ஜன்னலை மூடிக்கொண்டாள்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று நான் கீழ்ப்பக்கம் பார்த்துக் குனிந்தேன். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் சரியாகத்தான் குனிந்தேன்.

அவர் என் பெயரைச் சொன்னார். நான் அங்கே நிற்பது தெரிந்து சொன்னாரா, அல்லது அந்தக் கட்டடத்தில் உதவிக்குக் கூப்பிட அவருக்கு வேறு பெயர் இல்லையா, தெரியவில்லை. "ஒரு நிமிஷம், ஐயா" என்றேன். கைப்பிடி அசையாமல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சாய்ந்துகொண்டிருந்தேன். பிறகு கடைக்குப் போய்க் காபி குடித்தேன்.

கிரிஹாராவின் அறையை அலசிப் பார்த்ததில் கரப்பான் கூடு ஒன்றுகூட இல்லை, முட்டைகள் எல்லாம் என் அட்டைப்பெட்டிகளின் மடிப்பில்தான் இருந்தன என்று காலையில் சொன்னீர்கள். பெட்டிகளின் மேல் முந்தைய இரண்டு வீடுகளின் முகவரியும் இருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். தப்பு தன்மேல்தான் என்று அவரே ஒப்புக்கொண்டாரே. தப்பில்லாதவர் எதற்காக அப்படிக் குனிய வேண்டும்?

என்னை அரக்கி என்று ஓகினோ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். துண்டைத் திருப்பிக் கொடுத்தாளா என்று கேளுங்கள். நோசேவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தக் கிழவரைக் குழாயோடும் மெஷினோடும் மழையில் நிறுத்தியிருப்பார்கள். கொடுத்த வாக்கை நான் காப்பாற்றினேன். அவர் கடைசிவரைக்கும் சொந்த வீட்டில் இருப்பதுபோல அங்கேயே இருந்தார்.